கலகம் என்றெழுதிய கை

கோபாலபுரத்தில், மாலை நேரங்களில் நாம் சிலர் கூடிப் படிப்பதும் பேசுவதும் வழக்கமாக உள்ள சிறு அறைக்குச் சென்ற திங்களில் கல்லூரித் தம்பி ஒருவன் வந்தான். கையிலே ஓர் ஆங்கிலக் கட்டுரை, கண்ணிலே களைப்பு. வேலூர்க் கோட்டையில் 1806-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைப் பற்றிய கட்டுரை அது. அதனைத் தமிழாக்கிக் கொண்டிருந்தான். "அண்ணா, ‘ரெபெல்லியன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது? அகராதியைப் பார்த்தேன். கலகம் என்கிறது, கிளர்ச்சி என்கிறது, எதிர்ப்பு என்கிறது. எதைப் போட்டாலும் சரிதானே?" என்று கேட்டான். அவன் எழுதி வந்த தாளை வாங்கிப் பார்த்தோம். தலைப்பிலேயே ‘வேலூர்க் கலகம்’ என்றிருந்தது.

எதைப் போட்டாலும் சரியா? மன்னனைக் கொன்றவனை ‘கொலைஞன்’ என்பதும் ‘வீரன்’ என்பதும் ஒன்றா? அகராதியில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் சொற்கள் எல்லாம் உடன்பிறந்தவை அல்ல. ஒன்று அரண்மனையிலிருந்து வந்திருக்கும்; மற்றொன்று சிறைச்சாலையிலிருந்து வந்திருக்கும். ஒரே வரியில் அச்சாகி விட்டதாலேயே அவை உறவினர் ஆகிவிடுமா?

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லையே எடுத்துக் கொள்வோம். ‘ரெபெல்லியன்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘பெல்லம்’ என்றால் போர். ‘ரே’ என்ற முன்னொட்டுக்கு ‘மீண்டும்’ என்று பொருள். உரோமர் ஒரு நாட்டை வென்று அடக்குவர். அடங்கிய மக்கள் சில ஆண்டு கழித்து மீண்டும் வாளெடுப்பர். அந்த மீள்போருக்கு உரோமர் இட்ட பெயர் இது. ஆள்வோன் வசைச் சொல்லாகத்தான் அதனை வழங்கினான். ஆனால் தன்னை அறியாமலே ஓர் உண்மையையும் அதற்குள் ஒளித்து வைத்துவிட்டான். மீண்டும் போர் என்றால், முன்பும் ஒரு போர் நடந்திருக்க வேண்டுமன்றோ? இன்று ‘கீழ்ப்படியாதவன்’ எனப்படுபவன் நேற்று வெல்லப்பட்டவன் என்பதை அச்சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

தமிழகத்திலே இதற்கு ஏட்டுச் சான்று தேட வேண்டியதில்லை, நெல்லைச் சீமையின் மண்ணே சான்று. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது, கணக்கு முடிந்தது என்று கும்பெனியார் கருதினர். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியேறினார். இடித்துத் தள்ளிய கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்து நின்றது. படைகொண்டு வந்த வெள்ளையர் வியந்து நின்றனர். மே மாதம் வரை அது விழவில்லை. மருது உடன்பிறந்தாரும் ஊமைத்துரையும் கைகோத்தனர். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்படும் வரை அந்தப் போர் ஓயவில்லை. ‘ரே-பெல்லம்’, மீண்டும் போர் என்பதன் பொருளை இதைவிடத் துலக்கமாக எந்த அகராதி விளக்கிவிட முடியும்? ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர் பலர் இதற்கு இட்ட பெயர் ‘பாளையக்காரர் கலகம்’. ஆங்கிலச் சொல்லில் எஞ்சியிருந்த போர் என்னும் பொருளும் தமிழுக்கு வரும் வழியிலே தொலைந்து போயிற்று. ஆண்டையின் சொல்லைவிட அடிமையின் மொழிபெயர்ப்பு இன்னும் அடக்கமாக இருந்தது! 1971-இல் வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் அந்த நிகழ்ச்சிகளை முதல் விடுதலைப் போர் என்றே நூற்பெயரில் குறித்தார். 1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பப்பட்டது. எழுப்பிய அரசின் முதலமைச்சர், 1955 முதல் இதே கோபாலபுரத்துத் தெருவில் குடியிருந்த கலைஞர். கோட்டையை மீட்டோம், சொல்லை மீட்க இன்னும் ஏன் தயக்கம்?

இனி வேலூர். அங்கே ஆங்கிலேயர் எழுதியது ‘ரெபெல்லியன்’ கூட அன்று, ‘மியூட்டினி’. அது படைவீரனுக்கே உரிய சொல். கட்டளையிட அதிகாரமுள்ளவன் கட்டளையிட்டான். கேட்க வேண்டியவன் கேட்க மறுத்தான் என்று பொருள். இந்தச் சொல்லை ஏற்கும் கணத்திலேயே, கட்டளையிடும் உரிமை கும்பெனிக்கு இருந்தது என்பதையும் ஏற்றுக் கொண்டவர் ஆகிறோம். வழக்கு மன்றத்துக்குப் போகும் முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டு விட்டது.

நடந்தது என்ன? 1805 நவம்பரில் சென்னைப் படைத்தலைவர் கிராடாக்கின் காலத்தில் ஓர் ஆணை பிறந்தது. சிப்பாய்கள் புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். அதில் தோல் குச்சம் இருக்கும். உடுப்பணிந்திருக்கையில் நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. 1806 மே மாதம் வேலூரில் மறுத்தவர்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. சூலை 10 அன்று விடியும் முன்னரே கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களின் பெயரால் மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் பாய்ந்து வந்தான். நடுப்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. பிடிபட்ட சிப்பாய்களில் நூறு பேரளவில் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். விசாரணை இல்லை, வினா இல்லை. அந்தச் சுவரோரத்து நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் உண்டா என்று தேடிப் பாருங்கள். சிப்பாய் சுட்டால் ‘மியூட்டினி’. சிப்பாயைச் சுட்டால் ‘அமைதி திரும்பிற்று’!

ஐம்பத்தோராண்டு கழித்து வடநாட்டில் பெருந்தீ மூண்டபோது ஆங்கிலேயரிலேயே ஒருவருக்கு ஐயம் வந்தது. 1857 சூலை 27 அன்று டிஸ்ரேலி பாராளுமன்றத்தில் எழுந்து, இது படையினரின் கீழ்ப்படியாமையா, ஒரு நாட்டு மக்களின் எழுச்சியா என்று கேட்டார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கேட்டார் என்பதை மறக்கவில்லை. ஆட்சியில் இருந்திருந்தால் கேட்டிருப்பாரோ, ஐயந்தான். ஆயினும் கேட்டார். இலண்டனில் எழுந்த அந்த ஐயம், நம் நாட்டுப் பாடநூலில் ‘சிப்பாய்க் கலகம்’ என்று எழுதியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக எழவில்லையே! 2006-இல் வேலூரின் இருநூறாம் ஆண்டுக்குத் தபால் தலை வெளியிட்டுப் பெருமை செய்தார்கள். பெருமைக்குரிய நிகழ்ச்சி என்றால் பெருமைக்குரிய பெயரும் வேண்டாமா?

‘கலகம்’ என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். ‘கலஹ’ என்ற வடசொல்லின் வழிவந்தது. பூசல், சச்சரவு, கூச்சல் என்பது பொருள். அண்டை வீட்டாரோடு குழாயடியில் நடப்பதும் கலகம். ஆயிரம் பேர் உயிரைக் கொடுத்து எழுவதும் கலகம். எவருக்கும் காரணம் இல்லை, எதற்கும் நோக்கம் இல்லை, இரைச்சல் ஒன்றே உண்டு என்று சொல்லும் சொல் அது. புராணிகர்கள் நாரதரைக் கலகக்காரர் ஆக்கினர். அவர் மூட்டும் கலகம் நன்மையில் முடியும் என்று அவருக்கு மட்டும் சலுகையும் தந்தனர். தேவலோகத்தில் கலகம் செய்தால் நன்மை; வேலூரில் செய்தால் வெடிகுண்டு!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பண்டிதர் கைவிட்ட இடத்தில் பாமரர் கைகொடுத்திருக்கிறார்கள். "கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. ஏட்டுச் சுரைக்காய் தின்றவர் எவரும் ஆக்கியதன்று அது. வரப்போரத்தில், வாய்க்கால் பங்கீட்டில், கூலி கேட்டு நின்ற களத்துமேட்டில் பிறந்திருக்க வேண்டும். ஓசை எழுப்பாத வரையில் முறையீட்டை ஒருவரும் கேட்கமாட்டார் என்று கண்டவன் சொன்ன சொல். ஆகவே ‘கலகம்’ என்பதை நாம் நாடு கடத்தச் சொல்லவில்லை. பழிப்பவன் வாயில் அது பழிச்சொல். பட்டவன் வாயில் அது வழிச்சொல். எவன் வாயில் எதுவென்று அறியாமல் வழங்குவதுதான் பிழை. (கழகத்தைக் ‘கலகம்’ என்று உச்சரித்து மகிழ்ந்த மேடைப் பேச்சாளர்களும் உண்டு. அவர்களுக்கு ழகரம் வரவில்லையா, நாணம் வரவில்லையா என்பதை ஆராய இடமில்லை. குறளிலோ சூதாடும் இடத்துக்குப் பெயராக நிற்பது கழகம்; அந்தச் சொல் கற்றோர் அவைக்கும் மக்கள் இயக்கத்துக்கும் பெயராக உயர்ந்ததே, சொற்கள் கைமாறும் என்பதற்குச் சான்று.)

கடல்வழியே அன்று, மலைவழியே சிறிது மேற்கே சென்று பார்ப்போம். 1921-இல் மலபாரில் மாப்பிள்ளை உழவர் எழுந்தனர். மலையாளத்தில் அதற்கு ‘லஹள’ என்று பெயர்; நம் ‘கலகம்’ போல அதுவும் வெற்றிரைச்சலைக் குறிப்பதே. தமிழில் ‘மாப்பிள்ளைக் கலகம்’ ஆயிற்று. அந்த எழுச்சியில் மதவெறிக் கொடுமைகளும் கலந்திருந்தன. பகுத்தறிவாளர் அதை மறைக்க வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. ஆனால் நிலவுடைமைக் கொடுமையும் அடக்குமுறையும் அதன் வேரில் இருந்ததை ‘லஹள’ என்ற சொல் மூடிவிட்டது. பிடிபட்டோர் நூறு பேரளவில், அந்த நவம்பரில், திரூரிலிருந்து காற்றுப்புகாத சரக்கு வண்டியில் அடைத்து அனுப்பப்பட்டனர். கோவைக்கு அருகே போத்தனூரில் கதவு திறந்தபோது மூச்சுத் திணறி மாண்டு கிடந்தனர். இறந்தோர் தொகை எழுபதை எட்டியது. இதற்கு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? ‘வேகன் டிராஜெடி’. சோக நாடகம்! விதி செய்ததாம், மனிதர் எவரும் செய்யவில்லையாம்! உழவன் எழுந்தால் ‘கலகம்’, அதிகாரி கொன்றால் ‘துயரம்’. 1971-இல் கேரள அரசு அந்த எழுச்சியில் பங்கேற்றோரை விடுதலைப் போராட்டத்தினர் என ஏற்றது. ஐம்பதாண்டு ஆயிற்று ஒரு சொல் மாற.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோருக்கு ஒரு புதுக்கதை. 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நுழைக்கப்பட்டது 124-ஏ என்னும் பிரிவு. ‘செடிஷன்’ என்று ஆங்கிலத்தில் பெயர். 1908-இல் வ. உ. சிதம்பரனாரைச் சிறைக்கு அனுப்பியதும், ‘குடி அரசு’ தலையங்கத்துக்காக 1933-இல் பெரியாரைக் கைது செய்யத் துணைபோனதும் அதுவே. அரசாங்கத்தின் மேல் வெறுப்பை மூட்டுவது குற்றம் என்றுதான் அந்தப் பிரிவு சொன்னது. அரசாங்கம் என்றது, நாடு என்று சொல்லவில்லை. அன்று தமிழில் ‘இராஜத்துரோகம்’ என்றனர். அரசன் இருந்த காலத்தில் அது ஒருவாறு பொருந்திற்று. அரசன் போனான். உடனே செய்தியேடுகள் அதனைத் ‘தேசத்துரோகம்’ ஆக்கின! அமைச்சரைக் குறை கூறியவன் நாட்டையே காட்டிக் கொடுத்தவன் ஆனான். சட்டம் எழுதிய வெள்ளைக்காரனுக்கே தோன்றாத குற்றத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பாளன் தோற்றுவித்தான். 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 சூலை முதல் நாள் தண்டனைச் சட்டமே மாறி, வேறொரு பிரிவு வேறு பெயரில் வந்து அமர்ந்தது. செய்தித்தாள்களில் ‘தேசத்துரோகம்’ மட்டும் ஓய்வு பெறவில்லை.

‘கிளர்ச்சி’ நல்ல சொல், நம் சொல். கிளர்தல் என்றால் மேலெழுதல், ஒளிர்தல், பொங்குதல். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழக மாணவர் எழுந்தபோது ஆள்வோர் அறிக்கையில் அது ‘கலவரம்’; மாணவர் நாவிலே அது ‘கிளர்ச்சி’. சிதம்பரத்தில் குண்டுக்கு இரையான மாணவர் இராசேந்திரன் கலவரத்தில் செத்தாரா, கிளர்ச்சியில் வீழ்ந்தாரா? ஒரே உடல்; இரண்டு சொல். வரலாறு எந்தச் சொல்லை வைத்துக் கொண்டது என்பதை 1967 தேர்தல் சொல்லிற்று.

அடுத்தது ‘புரட்சி’. இதைத்தான் நம் இளைஞர் மிகுதியும் விரும்புகின்றனர். ஆகவே இதைப் பற்றித்தான் மிகுதியும் கண்டிப்பாகப் பேச வேண்டும். புரள், புரட்டு என்பன இதன் வேர்ச் சொற்கள். கீழது மேலாதல், மேலது கீழாதல். ஆங்கிலத்து ‘ரெவல்யூஷ’னும் சுழல்வது, உருள்வது என்ற பொருளில் பிறந்ததே, ‘ரிவோல்ட்’ அதன் உறவு. அரபியில் ‘இன்கிலாப்’ என்பதும் தலைகீழாகத் திரும்புதல் என்றே பொருள்படும். கண்டம் கடந்தும் மாந்தர் ஒரே படத்தைத்தான் கண்டிருக்கின்றனர் போலும்! பாரதி ‘புதிய ருசியா’ என்று பாடியபோது 1917-இன் அந்தப் பெரும் மாற்றத்துக்குத் தேர்ந்தது இந்தச் சொல்லைத்தான். பெரியார் 1928-இல் ஓர் ஆங்கில வார ஏடு கண்டார். அதற்குப் பெயர் ‘ரிவோல்ட்’. ‘குடி அரசு’க்கு இடர் வந்தபோது 1933-இல் தமிழில் கண்ட ஏட்டுக்குப் பெயர் ‘புரட்சி’. ஆள்வோர் அகராதியில் குற்றமாக இருந்த சொல்லை எடுத்து ஏட்டின் முகப்பில் பொறித்தது எளிய செயலா? பஞ்சாபியர் கண்ட ‘கதர்’ கட்சியும் அவ்வாறே. 1857-ஐப் பழிக்க வழங்கிய சொல்லையே 1913-இல் தம் பெயராகச் சூடிக் கொண்டனர்.

அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று நீதிமன்றமே ஒருமுறை கேட்டது. 1929-இல் தில்லி சட்டசபையில் குண்டு வீசிய வழக்கில், ‘புரட்சி’ என்று நீங்கள் முழங்குகிறீர்களே, அதன் பொருள் என்ன என்று பகத்சிங்கை வினவினர். குண்டும் துப்பாக்கியும் வழிபாடு அன்று. அநீதியின் மேல் நிற்கும் இந்தச் சமுதாய அமைப்பு மாற வேண்டும் என்பதே பொருள் என்று அவரும் தோழர் தத்தும் விளக்கினர். அகராதி ஆசிரியர் எவரும் இத்தனை விலை கொடுத்து ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதியதில்லை.

அத்தகைய சொல்லை நாம் என்ன செய்தோம்? பாரதிதாசனைப் புரட்சிக் கவிஞர் என்றோம்; பொருந்திற்று. கலைஞர் தம் நண்பருக்குப் ‘புரட்சி நடிகர்’ என்று பட்டம் சூட்டினார். அவரே பின்னர்ப் ‘புரட்சித் தலைவர்’ ஆனார். தொடர்ந்து புரட்சித் தலைவி, புரட்சிக் கலைஞர், புரட்சிப் புயல். சுவரொட்டி அச்சடிப்பவரிடம் ‘புரட்சி’ என்ற எழுத்துக்கு மட்டும் தனி அச்சுக்கட்டை தேய்ந்திருக்கும்! இன்ன கட்சி, அன்ன கட்சி என்று நாம் பிரிக்கவில்லை. எம் பக்கத்துக் கையும் அதில் உண்டு. பட்டம் பெற்றோரின் பணிகளையும் நாம் குறைக்கவில்லை. ஆனால் எதுவும் புரளாத இடத்தில் புரட்சி என்று எழுதினால் எஞ்சுவது என்ன? அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் காத்திருக்கிறது: புரட்டு. பொய்க்கும் ஏமாற்றுக்கும் தமிழன் இட்ட பெயர். புரட்சிக்கும் புரட்டுக்கும் இடையே எழுத்துத் தொலைவு எத்தனை குறைவு!

சொல் மலிவதாவது நகைப்போடு போயிற்று. சொல்லை ஆட்சிபீடமே பறித்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியாவைப் பார்க்க வேண்டும். தமிழரின் கப்பல்கள் பண்டு தொட்ட கரைகளுள் ஒன்று அது. அங்கே வழங்கும் கெமர் மொழியில் புரட்சிக்கு உரிய சொல் பாலி மொழியின் வழியே சென்றது. ‘திரும்புதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். நமக்கு அயலான சொல் அன்று. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியினர் அந்தச் சொல்லைத் தம் ஆட்சியின் பெயராகவே ஆக்கிக் கொண்டனர். பசிக்கிறது என்றவன் புரட்சிக்குப் பகைவன். கண்ணாடி அணிந்தவன், பிறமொழி கற்றவன் மீதும் அந்த ஐயம் விழுந்தது. நோம்பென்னில் ஒரு பள்ளிக்கூடம் சிறையாயிற்று; அங்கே அடைபட்டோர் புரட்சிக்குத் துரோகம் செய்ததாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு மாண்டனர். நான்கே ஆண்டில் மடிந்தோர் பதினைந்து இலட்சத்துக்கும் மேல். ‘ரெபெல்’ என்று ஆங்கிலேயன் தூக்கிலிட்டான். ‘புரட்சியின் பகைவன்’ என்று இவர்கள் கொன்றனர். கலகம் என்ற சொல்லுக்கு மட்டுமே அஞ்சும் தோழர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

அப்படியானால் வேலூர் புரட்சியா? நம் தம்பி அடுத்துக் கேட்டது இதுதான். இங்கே பகுத்தறிவாளர் தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சிப்பாய்கள் எதற்காக முதலில் சினந்தனர்? நெற்றிக் குறி போகிறது, தோல் தலையில் ஏறுகிறது என்பதற்காக. சாதியும் சமயமும் இட்ட அடையாளங்களைக் காக்க எழுந்தது எப்படிப் புரட்சியாகும்? அயலான் ஆணையால் அடையாளம் அழிவதை எதிர்த்தனர் என்ற அளவில் அவர்களின் மான உணர்வை மதிக்கிறோம். ஆனால் அங்கே கீழது மேலாகவில்லை. மேலேறியது திப்புவின் குடும்பத்துக் கொடி. ஒரு மன்னர் குடும்பம் போய் இன்னொன்று வரும் என்பதே அவர்கள் கண்ட எதிர்காலம். அது எழுச்சி. உயிர் கொடுத்த எழுச்சி. அதற்கு மேல் ஒரு சொல்லை அதன் தலையில் ஏற்றினால் அதுவும் ஒரு புதுத் தலைப்பாகை ஆகிவிடும்.

மாறாக, ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் ஒன்று புரண்டதுண்டு. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மணமகனும் மணமகளும் உற்றார் முன்னிலையில் மாலை மாற்றி, நாம் கணவன் மனைவி என்று சொல்லிக் கொண்டால் போதும் என்று சுயமரியாதைத் தோழர்கள் 1928 முதல் மணம் செய்து வைத்தனர். அது திருமணமே அன்று என்று நீதிமன்றங்கள் சொல்லின. பிறந்த குழந்தைகளின் சொத்துரிமை கேள்விக்குறியாயிற்று. நாற்பதாண்டு அப்படியே வாழ்ந்தனர். 1967-இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த திருத்தம், 7-ஏ என்னும் பிரிவாக 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த மணங்களும் செல்லும் என்றது. கலகம் என்று எவரும் எழுதவில்லை; ‘ரெபெல்லியன்’ என்று எந்த ஆங்கில ஏடும் அலறவில்லை. ஆனால் பல நூற்றாண்டாக மேலே அமர்ந்திருந்த ஒன்று அன்று இடம் மாறிற்று.

தம்பி தாளை வாங்கிக் கொண்டு போனான். மறுவாரம் முழுக் கட்டுரையையும் திருத்திக் கொண்டு வந்தான். தலைப்பு ‘வேலூர் எழுச்சி’ என்று மாறியிருந்தது. உள்ளே புரட்டிப் பார்த்தோம். கும்பெனி அதிகாரிகளின் கடிதப் பகுதிகள் வரும் இடத்தில் மட்டும் ‘கலகம்’ அப்படியே இருந்தது. மறந்துவிட்டாயா என்று கேட்டோம். "இல்லை அண்ணா, அது அவர்கள் எழுதியது. அவர்கள் வாயில் அவர்கள் சொல்லே இருக்கட்டும். கதையைச் சொல்லும் இடத்தில் நம் சொல்லைப் போட்டிருக்கிறேன்" என்றான். ஒரு பக்கத்தில் ‘புரட்சி’ என்று எழுதி அடித்திருந்தான். அடித்த கோடு தாளைக் கிழிக்கும் அளவுக்கு ஆழமாக இருந்தது.